சிரிப்புக்கு விட்ட இடம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் என் புருஷன் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலித்துப்போயிற்று. காய்கறிக் கடைக்காரி, தபால்காரர், பல் பிடுங்குகிற டாக்டர், எல்லோருக்கும் ஒரே பல்லவி: "நேத்து உங்க வீட்டுக்காரர் பிச்சு உதறிட்டாரும்மா!" அவர் பிய்த்து உதறியது வாஸ்தவம். வீட்டுக்காரர் எங்கிருந்து வந்தார்? மேடையில் தினமும் ஒரு மனுஷனைத் துடைப்பத்தால் விரட்டினால் அவன் புருஷனாகிவிடுவானா? "அவர் எனக்கு யாருமில்ல. கூட வேலை பாக்கறவர், அவ்வளவுதான்" என்பேன் வெடுக்கென்று. அதற்கும் சிரிப்பார்கள். மேடையிலும் நான் அப்படித்தான் பேசுவேன் என்பதால்.

எனக்கென்று ஒரு புருஷன் இருந்தான். கல்யாணமான கையோடு கப்பலேறினவன், போனவன் போனவன்தான். அதற்கப்புறம் நான் பொத்தான் தைத்தேன், துணிக்குச் சாயம் போட்டேன், கடைசியில் நாடகக் கொட்டகையில் வேஷத்துணி துவைக்கப் போய்ச் சேர்ந்தேன். ஒருநாள் தளபதி வேஷக்காரன் புதுச் சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றபோது நான் போட்ட சத்தம் முதலாளி காதில் விழுந்துவிட்டது. "இந்த வாயைத் துணி துவைக்கற இடத்துலயா வீணாக்கறோம்?" என்று மேடையில் ஏற்றிவிட்டார். கொட்டகையில் எனக்கு வைத்த பெயர் ராங்கி. அதில் எனக்கு வருத்தமில்லை. ராங்கி இல்லாவிட்டால், தனியாக இருக்கிற பெண்ணை ஊர் மென்று துப்பிவிடும்.

அவருக்கு வைத்த பெயர் குடைக்காரர். ஆரம்பத்தில் அவர் திரை இழுக்கிற ஆள். ஒரு மழை நாளில், போரில் அடிபட்டு ராஜா செத்து விழுகிற காட்சி. திரை பாதியில் சிக்கிக்கொண்டது. செத்த ராஜா மல்லாந்து கிடக்கிறார். கூரை ஒழுகி அவர் மூக்கின் மேலேயே சொட்டுச் சொட்டாக விழுகிறது. பிணம் முகத்தைத் துடைத்துக்கொள்ள முடியுமா? ராஜா இவரைப் பார்த்துக் கண்ணைக் கண்ணைச் சிமிட்டியிருக்கிறார். இவர் ஒரு குடையை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போய், ராஜா முகத்துக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு குத்துக்கல் மாதிரி நின்றுவிட்டார். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று இவருக்குப் புரியவில்லை. மெதுவாகத் திரும்பி ஜனங்களைப் பார்த்தார். அந்த முழி இருக்கிறதே! கொட்டகையே இடிந்து விழுந்துவிடும் போலிருந்ததாம்.

முதலாளி கையை ஓங்கிக்கொண்டுதான் ஓடிவந்தாராம். சிரிப்புச் சத்தத்தைக் கேட்டதும் ஓங்கின கையாலேயே தட்டிக்கொடுத்துவிட்டு, "நாளையிலேர்ந்து ராஜா தினமும் நனையணும்!" என்றாராம். ராஜா வேஷக்காரர் அதற்கப்புறம் சாகும்வரை, நிஜமாகச் சாகும்வரை, இவரோடு பேசவே இல்லை.

அதிலிருந்து ஏறுமுகம்தான். ஊர் ஊராக ரயிலில் போனோம். போஸ்டரில் அவர் முகம்கூடப் போடுவதில்லை. ஒரு குடை மட்டும் இருக்கும், அதுவே போதும். ஆனால் மேடையை விட்டு இறங்கிவிட்டால் ஆளே வேறு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் போல இருப்பார். சைக்கிள் ரிப்பேர்க் கடைக்கு மேலே ஒரு அறை. இரும்புக் கட்டில், கோட்டு மாட்ட ஒரு ஆணி, அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்த ஜன்னல். அண்ணன் ஒருவர் இருந்தார். கூத்தாடித் தம்பி தேவையில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டவர். வந்து போகிற ஆள் யாரும் கிடையாது. ஊரையே சிரிக்க வைக்கிற மனுஷன், ரொட்டியை டீயில் தோய்த்து அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே தின்பார். எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். யார்மேல் என்று கேட்காதீர்கள்.

எங்கள் மழைக் காட்சியைச் சொல்லியாக வேண்டும், அப்போதுதான் மற்றது புரியும். வெளியே மழை கொட்டுகிறது. புருஷன் தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வருகிறான். கக்கத்தில் குடை, மடக்கினபடியே, சொட்டு ஈரமில்லாமல். பெண்டாட்டி துடைப்பத்தோடு நிற்கிறாள்.

"கையில குடை இருக்கு, அப்புறம் ஏன்யா இப்படி நனைஞ்சு வந்து நிக்கறே?"

"புதுக் குடை. நனைஞ்சு போயிடுமே."

"அப்ப உடம்பு நனைஞ்சா?"

"உடம்பு பழசுதானே."

இப்படியே போகும். கடைசியில் அவள் பொறுக்கமாட்டாமல், "உன்னோட மாரடிக்க என்னால ஆகாது, நான் போறேன் எங்க வீட்டுக்கு!" என்று மழையில் இறங்குவாள். அவன் நிற்பான். முழிப்பான். அப்புறம் அந்தக் குடையை, ஒரு நாளும் விரிக்காத அந்தக் குடையை, படாரென்று விரித்து அவள் தலைக்கு மேலே பிடிப்பான். "குடை நனைஞ்சா நனைஞ்சுட்டுப் போகுது. நீ உள்ள வா." அந்த இடத்தில் ஜனங்கள் சிரிக்கமாட்டார்கள். ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிட்டு அப்புறம்தான் கை தட்டுவார்கள்.

சிரிப்பு வேஷத்தில் வசனம் பெரிதில்லை. எப்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் பெரிது. ஜனங்கள் சிரிக்க ஆரம்பித்தால் சத்தம் ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். பாதி இறங்கும்போது அடுத்த வார்த்தையைப் போட வேண்டும். முந்திப் போட்டால் சிரிப்பில் அமுங்கிவிடும். முழுக்க இறங்கவிட்டால் கொட்டகை ஆறிப்போகும். ஆறின கொட்டகையைத் திரும்பச் சூடாக்க யாராலும் ஆகாது. இதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. சிரிப்பைக் கயிறு கட்டி இழுத்துப் பிடிக்கிற மாதிரி பிடிப்பார்.

அந்த மனுஷன் ஒருநாள் முந்திப் போட்டார். மறுநாள் பிந்திப் போட்டார். முதலாளி என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டார்: "என்னம்மா, நம்ம ஆளு குடிக்க ஆரம்பிச்சுட்டானா?" எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வேஷம் போடுகிற அறைக்கு நேரே போனேன். கண்ணாடி உடைந்து சட்டம் மட்டும் நின்ற மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, தடவிப் பார்த்தே மீசை ஒட்டிக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் நின்று பேச ஆரம்பித்தேன். அவர் திரும்பவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டேன். மீசையின் ஒரு நுனியை அழுத்திவிட்டு மறு நுனிக்குப் போனார். முன்னால் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "எப்ப வந்தே?"

"காது கேக்கலையா?" என்று கத்தினேன்.

"யாருக்கு?" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு நடிப்பதை நிறுத்தினார். "நீ கத்தறது கேக்குது. பக்கத்துல நின்னு நீ மேடையில போடற சத்தம் ஒண்ணுதான் உள்ள வருது. மத்ததெல்லாம் போச்சு. சிரிப்பு போச்சு. அது கேக்காட்டிப் பரவாயில்ல. எப்ப முடியுதுன்னு தெரியலையே. அதான் பயமா இருக்கு."

"டாக்டர்கிட்ட?"

"பாத்தாச்சு. கையை விரிச்சுட்டார்." பிறகு, அந்த ஒட்டின மீசையோடு, சொன்னார்: "முதலாளிகிட்டச் சொல்லிடாதே. மேடையை விட்டா எங்க போறதுன்னு எனக்குத் தெரியாது."

எனக்கு மட்டும் தெரியுமா? நான் சலவைக்கடைக்கு மேலே ஒரு அறையில் இருக்கிறேன். அவர் சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறையில் இருக்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் வீடென்று ஒன்று இருந்தால், அது அட்டையில் செய்து கதவு வரைந்து, காட்சி முடிந்ததும் தூக்கி ஓரமாகச் சாத்தி வைக்கிற அந்த வீடுதான். "கால்ல இருக்கற ஜோட்டைக் கழட்டுங்க" என்று கத்தினேன்.

மேடை வெறும் மரப்பலகை. என் துடைப்பத்துக்கு நீளமான கட்டைப் பிடி. சிரிப்பு பாதி இறங்கும்போது அந்தக் கட்டையால் பலகையில் ஒரு தட்டு தட்டுவேன். வெறும் காலோடு நின்றால் உள்ளங்காலில் அது தெரியும். தெரிந்ததும் அவர் பேசுவார். அன்று மாலையே அப்படிச் செய்தோம். ஜோட்டைக் கழுத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். "அது ஏன்யா கழுத்துல?" "நடந்தா தேயுதே!" கொட்டகை அதிர்ந்தது. நான் காத்திருந்து கட்டையைத் தட்டினேன். அவர் ஒரு மயிரிழை பிசகாமல் அடுத்த வார்த்தையைப் போட்டார். பத்திரிகைக்காரர்கள் வேறு, வெறுங்காலும் தட்டும் துடைப்பமும் புது உத்தி என்று எழுதித் தள்ளினார்கள். எனக்குச் சிரிப்பாக வந்தது. ஆனால் சிரிக்க முடியாது.

அதுதான் விஷயம். நான் மேடையில் ஒரு நாளும் சிரித்ததில்லை. முன்பு, கோபக்காரி வேஷம் கெட்டுவிடும் என்று சிரிக்கவில்லை. இப்போது, இரண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருத்தி கேட்க வேண்டியிருந்தது. சிரிப்பு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறவள் எப்படிச் சிரிப்பாள்? வருஷக்கணக்கில் இப்படி ஓட்டினோம். மேடைக்கு வெளியே அவரோடு பேசவேண்டுமென்றாலும் கத்தித்தான் பேச வேண்டும். "சாப்பிட்டீங்களா?" என்பதைக்கூடச் சண்டை மாதிரித்தான் கேட்பேன். கத்திச் சொல்லக்கூடியதை எல்லாம் சொன்னேன். சில பேச்சு மெதுவாகச் சொன்னால்தான் பேச்சு. அதை எல்லாம் என்னோடு வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தப் பெட்டிக்காரர் வந்து சேர்ந்தார். கிராமபோன் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய்ப் பாட்டுக்காரர்களைப் பதிவு செய்கிறவர். மழைக் காட்சியை ரிக்கார்டு போட வேண்டும் என்றார். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "வீட்டுக்கு வீடு நம்ம குடை!" என்று குதித்தார்.

ஒரு கிடங்கின் மாடியில் அறை. ஜன்னலெல்லாம் கம்பளிப் போர்வையால் மூடியிருந்தது. தரையில் தடித்த ஜமக்காளம், அதன்மேல் இன்னொன்று. நடந்தால் பஞ்சில் நடப்பதுபோல இருந்தது. ஒரு திரையைத் துளைத்துக்கொண்டு பெரிய தகரக் குழல் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் மெழுகு வட்டு சுற்றுமாம். பெட்டிக்காரர் முதலில் என் துடைப்பத்தைத்தான் பிடுங்கினார். "தட்டினா ஊசி எகிறிடும். இது வெளிய இருக்கட்டும். யாரும் அசையக்கூடாது. ரெண்டு பேரும் குழலுக்குள்ள தலையை விடற மாதிரி நில்லுங்க. எட்டி நின்னா சத்தம் ஏறாது."

நான் பயப்படவில்லை. உள்ளே ஜனங்கள் இல்லை, சிரிப்பு இல்லை, சிரிப்பு இல்லையென்றால் காத்திருக்க வேண்டியதும் இல்லை. அவர் காதோரம் போய்க் கத்தினேன்: "இங்க யாரும் சிரிக்கமாட்டாங்க. நிறுத்தாம சொல்லிட்டே போங்க!" தலையை ஆட்டினார். முதலாளி எங்கள் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டிக்காரர் கையைக் காட்டினார். நான் கத்தினேன். அவர் சொன்னார்: "புதுக் குடை. நனைஞ்சு போயிடுமே."

அடுத்து நான் பேச வேண்டும். வாயைத் திறந்தேன். அவர் கையை மெல்ல உயர்த்தி என்னைத் தடுத்தார். குழலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேடையில் கொட்டகை சிரித்து ஓயும்வரை எப்படி நிற்பாரோ, அதே முகம், அதே முழி. மெழுகு சுற்றிக்கொண்டிருந்தது. ஈ பறந்தால் கேட்கும். பெட்டிக்காரர் பேசு, பேசு என்று கையை ஆட்டினார். இவர் அவரைப் பார்க்கவே இல்லை. சிரிப்பு பாதி இறங்குகிற நேரம் வந்ததும் கையைக் கீழே விட்டார். நான் என் வசனத்தைச் சொன்னேன். அவர் "உடம்பு பழசுதானே" என்றார். மறுபடி கை உயர்ந்தது. இதற்குச் சிரிப்பு ஜாஸ்தி. அதனால் ஜாஸ்தி நேரம் நின்றார்.

முதலாளி பின்னாலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "யோவ், பேசுய்யா!" என்றார். இவர் அசையவில்லை. "யோவ் குடை!" அசையவில்லை. முதலாளி எழுந்துவந்து அவர் பிடரிக்குப் பின்னால் கையைப் படாரென்று தட்டினார். அவர் குழலைப் பார்த்துச் சாந்தமாக நின்றுகொண்டிருந்தார். முதலாளி என்னைப் பார்த்தார். கதவுக்கு வெளியே சாத்தியிருந்த துடைப்பத்தைப் பார்த்தார். அவர் வெறுங்காலைப் பார்த்தார். குட்டு உடைந்துவிட்டது. ஆனாலும் வசனத்தை விடவில்லை. "நான் போறேன் எங்க வீட்டுக்கு!" என்று முடித்தேன். அவர் மூச்சை இழுத்தார், குடையை விரிக்கிற மாதிரி. அதற்குள் பெட்டிக்காரர் ஊசியைத் தூக்கிவிட்டார். மெழுகில் இடம் தீர்ந்துபோயிற்று.

வேறு வட்டு கிடையாது என்றார். இருந்ததெல்லாம் வெளியே காத்திருந்த பாடகிக்காம். படியிறங்கும்போது அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "நிறுத்தாதீங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேனே! யாரு சிரிச்சாங்கன்னு நின்னீங்க?"

அவர் என்னைத்தான் விநோதமாகப் பார்த்தார். "இதை வாங்கி வீட்டுல வெச்சுக் கேக்கறவன் சிரிக்கமாட்டானா? அவன் சிரிக்கும்போது நான் பாட்டுக்குப் பேசிட்டே இருந்தா நல்லாவா இருக்கும்? அவன் சிரிச்சு முடிக்கட்டும்னுதான் இடம் விட்டேன்."

"எவ்வளவு விடறதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"காது போறதுக்கு முந்தி கேட்டதுதான். அந்தச் சிரிப்பெல்லாம் இங்க இருக்கே" என்று நெற்றியைத் தொட்டுக்காட்டினார். நான் சட்டையை விட்டுவிட்டேன். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முதலாளி கெட்டவர் இல்லை. அதனால்தான் சண்டை போடுவது கஷ்டமாக இருந்தது. "இத்தனை வருஷமா உங்களுக்கே தெரியலையே, ஜனங்களுக்கு என்ன தெரியப்போகுது?" என்று கேட்டேன். "மேலேர்ந்து சாமான் விழுது, விலகுன்னு கத்தறோம்னு வையி. அவனுக்குக் கேக்குமா? நெருப்புப் பிடிச்சா? உன் துடைப்பம் அதுக்கும் தட்டுமா?" என்றார். எனக்குப் பதில் இல்லாமல் போனது அந்த ஒருமுறைதான். ஆளை வெளியே தள்ளவில்லை அவர். பழைய வேலையைத் திருப்பிக் கொடுத்தார். திரை இழுக்கிற வேலை. கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு. அது எரிந்தால் இழுக்க வேண்டும், அணைந்தால் விட வேண்டும். "ஆரம்பிச்ச இடத்துக்கே வந்தாச்சு" என்று சொல்லிவிட்டு அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அதைச் சிரிப்பாகத்தான் சொன்னார். நான் வேஷத்துணி மூட்டைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து அழுதேன்.

ரிக்கார்டு வந்தது. வெளிநாட்டில் அச்சடிக்கிறவர்களுக்கு நம் பாஷை தெரியாது. இவர்கள் வழக்கமே இப்படிப் போலிருக்கிறது என்று நினைத்து அப்படியே அடித்து அனுப்பிவிட்டார்கள். வாங்கினவன் எல்லாம் ஒரு வாரத்துக்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். "பெட்டி ரிப்பேரு. நடுவுல நடுவுல நின்னுபோகுது." கடைக்காரர் பாவம், பெட்டியைக் கழற்றிக் கழற்றி மாட்டிப் பார்த்தாராம். கடைசியில் எல்லா ரிக்கார்டையும் கட்டி மூலையில் போட்டார்.

குடைக்காரர் இடத்துக்குப் புதிதாக ஒரு சிரிப்புக்காரன் வந்தான். குறை சொல்லக்கூடாது, கெட்டிக்காரன். காது பாம்புக் காது. முதல் நாளே என்னிடம் கேட்டான்: "அக்கா, ஏன் சும்மா சும்மா தரையைத் தட்டறீங்க?"

"கை வழக்கம்."

"எனக்குத் தேவையில்லை அக்கா."

"உனக்குத் தட்டலைப்பா" என்றேன்.

திரைக் கயிறு மேடைப் பலகையின் ஓரத்தில்தான் இருந்தது. அவர் வெறுங்காலோடுதான் நிற்பார். ஒவ்வொரு சிரிப்புக்கும் நான் தட்டுவேன், ஓரக்கண்ணால் பார்ப்பேன். தட்டு விழுந்ததும் அந்தப் பக்கம் அவர் உதடு அசையும். அடுத்த வார்த்தையைச் சரியாகச் சொல்லிக்கொள்வார், சத்தம் வராமல். ஒரு மழை நாளில் கொட்டகையில் பாதி காலி. புது ஆள் "உடம்பு பழசுதானே" என்றதற்கு ஒரு ஜீவன் சிரிக்கவில்லை. நான் தட்டவில்லை, என் அடுத்த வசனத்தையும் எடுக்கவில்லை. பழைய சிரிப்பு எவ்வளவு நேரம் நிற்குமோ அவ்வளவு நேரம் நின்று, அப்புறம்தான் தட்டினேன். புது ஆள் வியர்த்துப்போனான். உள்ளே வந்ததும் என்னைக் கிழி கிழியென்று கிழித்தான். கிழிக்கட்டும். குடைக்காரர் கயிற்றைச் சுற்றி வைத்துக்கொண்டே, "இன்னிக்கு நல்ல கூட்டமோ? ரொம்ப நேரம் சிரிச்சாங்களே" என்றார். "பின்ன!" என்று கத்தினேன்.

குளிர் ஆரம்பித்ததும் நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிட்டார். நான் பால் காய்ச்சி எடுத்துக்கொண்டு சைக்கிள் கடை மாடிப்படி ஏறுவேன். கடைக்காரர், "வீட்டுக்காரருக்கு எப்படியிருக்கும்மா?" என்பார். "வீட்டுக்காரர் இல்லைங்க" என்பேன். அந்த நிலைமையிலும் விடவில்லை, பாருங்கள்.

ஒருநாள் அவரே கேட்டார். "ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு. எனக்குக் காது இருந்த காலத்துலயும் நீ சிரிச்சதில்ல. இல்லாத காலத்துலயும் சிரிச்சதில்ல. என் கூத்து உனக்குப் பிடிக்கவே இல்லையா?"

அடக் கஷ்டகாலமே! பிடிக்கவில்லையா? "நான் சிரிச்சா தட்டறது யாரு?" என்று கத்தினேன்.

அவர் ஒரு கணம் முழித்தார். அப்புறம் சிரித்தார், இருமல் வந்து கட்டில் ஆடுகிறவரை. "நல்லா இருக்கு. இதை மேடையில சேர்த்திருக்கலாம்."

நான் அவர் போர்வையை இழுத்துவிட்டேன். அப்போதுதான் சொன்னேன், இத்தனை வருஷம் வைத்திருந்ததை. மெதுவாகத்தான் சொன்னேன். கீழே கடைக்காரருக்குக் கேட்கிற மாதிரி அதைக் கத்த முடியுமா? அவர் என் உதட்டைப் பார்த்தார். "என்ன சொன்னே?"

"பால் ஆறுதுன்னேன்!"

"அதானே" என்று வாங்கிக் குடித்தார். அந்த வாரமே போய்விட்டார்.

பிறகு எங்கள் கொட்டகையும் படம் காட்டுகிற கொட்டகை ஆகிவிட்டது. வெள்ளைத் துணியில் ஆட்கள் ஆடினார்கள், பேசினார்கள். துடைப்பத்துக்கு அங்கே வேலையில்லை. முதலாளி சாமான்களை ஒழிக்கும்போது பழைய கிராமபோன் பெட்டியையும் ஒரு ரிக்கார்டையும் என்னிடம் கொடுத்தார். "நீயே வெச்சுக்கோம்மா. நான் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். முழுசா கேக்க முடியல" என்றார். ரொம்ப நாள் அது துணி மூடியபடி மூலையில் கிடந்தது. எனக்கும் தைரியம் வரவில்லை.

நேற்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. துணியை எடுத்தேன். சாவி கொடுத்தேன். ஊசியை வைத்தேன். கரகரவென்றது, அப்புறம் என் கத்தல். எவ்வளவு கர்ணகடூரமான குரல் எனக்கு! அப்புறம் அவர். "புதுக் குடை. நனைஞ்சு போயிடுமே."

அப்புறம் ஒன்றுமில்லை. ஊசி சுற்றுகிற சத்தம் மட்டும். அவர் எனக்கு இடம் விட்டுக்கொண்டு நிற்கிறார்.

நான் சிரித்தேன். முதலில் துருப்பிடித்த கதவு மாதிரிதான் வந்தது, பழக்கமில்லை. சிரித்து நிறுத்தினேன். அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஒரு கொட்டகை ஜனம் சிரிக்கிற அளவுக்கு விட்ட இடமல்லவா? நான் ஒருத்தி எவ்வளவு சிரித்து அதை நிரப்புவது? மறுபடி சிரித்தேன். "உடம்பு பழசுதானே." அதற்கு விட்ட இடம் இன்னும் பெரிது. அதில் நான் சிரித்தேன், அழுதேன், மூக்கைச் சிந்தினேன், மறுபடி சிரித்தேன். அப்போதும் மிச்சம் இருந்தது. அவசரமே படாமல் நின்றார் மனுஷன். கடைசியில் என் குரல், "நான் போறேன் எங்க வீட்டுக்கு!" என்று கத்தியது. அவர் மூச்சை இழுத்தார். கேட்டது, நன்றாகக் கேட்டது. அத்தோடு ரிக்கார்டு முடிந்துபோயிற்று.

மூலையில் துடைப்பம் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். அவர் குடையை விரிக்கிற அந்த இடத்தில் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவும் விட்டு, கட்டையால் பலகைத் தரையில் ஒரு தட்டு தட்டினேன்.

கீழேயிருந்து சலவைக்கடைக்காரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே படியேறி வந்தாள். "தட்டினீங்களே அக்கா, கூப்பிட்டீங்களா?"

"உன்னை இல்லை."

அவள் அறையைச் சுற்றும்முற்றும் பார்த்தாள். "பின்ன யாரை?"

"என் வீட்டுக்காரரை" என்றேன்.